மூலைமட்டத்தைத் திருப்பிப் போடுங்கள்: ராவுட்டர் பட்டறைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

பம்மல், அனகாபுத்தூர், பொழிச்சலூர், நாகல்கேணி, குரோம்பேட்டை, பல்லாவரம் வட்டாரத்தில் சிஎன்சி ராவுட்டர் வைத்துத் தொழில் செய்யும் பட்டறைக்காரர்களுக்கும், அந்த மெஷின்களை ஓட்டும் தம்பிகளுக்கும்:

நானும் பம்மல்காரன்தான். கிண்டித் தொழிற்பேட்டையில் டூல் ரூம் ஃபிட்டராக வேலைக்குச் சேர்ந்தேன். அதன்பிறகு மெஷின் நிறுத்துவது, மட்டம் பார்ப்பது என்றே என் காலம் போயிற்று. கொஞ்ச வருடங்களாக உங்களில் பலர் கூப்பிட்டு உங்கள் பட்டறைகளுக்கு வந்துபோகிறேன். கதவில் சாமி படம் செதுக்கும் மெஷின், எம்டிஎஃப் பலகையில் ஜாலி வெட்டும் மெஷின், கிச்சன் கபோர்டுக்குப் பலகை அறுக்கும் மெஷின், பெயர்ப்பலகைக்கு எழுத்து வெட்டும் மெஷின் என்று எல்லாவற்றிலும் ஒரே குறையைத்தான் பார்க்கிறேன். மெஷின் கோணியிருக்கிறது. அதை விட்டுவிட்டு ஃபைலைத் திருத்துகிறோம், லாப்பம் வைக்கிறோம், உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறோம். ஒவ்வொரு பட்டறையிலும் தனியாகப் பேசிப் பார்த்துவிட்டேன். இப்போது எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

போன வருடம் ஒரு பூஜை அறைக் கதவு. இரட்டைக் கதவு, நல்ல தேக்கு, ஒவ்வொரு கதவும் 600 மில்லி அகலம். குறுக்கே ஐந்து பட்டை, பட்டைக்குள் தாமரைக் கொடி. கதவை மூடினால் இடக்கதவின் கொடி வலக்கதவில் அப்படியே தொடரவேண்டும். வீட்டில் மாட்டிப் பார்த்தபோது ஐந்து பட்டையும் நடுவில் 2 மில்லி ஏறி இறங்கி நின்றன. கீல் இறங்கிவிட்டது என்றார்கள், மரம் முறுக்கிவிட்டது என்றார்கள், கடைசியில் பழி ஆபரேட்டர் பையன் தலையில் விழுந்தது. அவன் ஃபைலைத் திறந்து வலக்கதவின் டிசைனை 2 மில்லி தூக்கி வைத்தான். புதுப் பலகை போட்டு மறுபடி வெட்டினார்கள். பட்டைகள் சேர்ந்துவிட்டன, எல்லோருக்கும் நிம்மதி. அடுத்த வேலை ஒரு கிச்சன். அதில் எந்தப் பெட்டியும் மூலைக்கு நிற்கவில்லை. அதற்கும் ஃபைலில் ஒரு திருத்தம். மூன்றாவது வேலை கெட்ட பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள்.

நான் செய்தது கால் மணி நேர வேலை. பெட்டில் எம்டிஎஃப் பலகை போட்டு, 1200 மில்லிக்கு 2400 மில்லி செவ்வகமாக நான்கு மூலையில் 6 மில்லி ஓட்டை நான்கு போடச் சொன்னேன். ஓட்டைகளில் 6 மில்லி டிரில் பிட்டின் தண்டைச் செருகி மூலைவிட்டங்களை அளந்தேன். இரண்டும் ஒன்றாக இருந்திருக்கவேண்டும். 3.6 மில்லி வித்தியாசம் இருந்தது. அந்தச் செவ்வகத்தில் மூலைவிட்டங்களுக்குள் 3.6 மில்லி வித்தியாசம் என்றால், கேன்ட்ரியின் ஒரு கால் மற்றதைவிட 2 மில்லி முந்தி நிற்கிறது என்று அர்த்தம். 1200-க்கு 2 மில்லி சாய்வு, 600-க்கு 1 மில்லி. இடக்கதவு இடப்பக்கக் கீலில் தொங்குகிறது, அதனால் அதன் பட்டை நடுவுக்கு வரும்போது 1 மில்லி ஏறியிருக்கிறது. வலக்கதவு வலப்பக்கக் கீலில் தொங்குகிறது, அதன் பட்டை நடுவுக்கு வரும்போது 1 மில்லி இறங்கியிருக்கிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் 2 மில்லி. கீல் இறங்கவில்லை, மரம் முறுக்கவில்லை, பையன் தப்புச் செய்யவில்லை. திருத்தி வெட்டிய கதவிலும் பட்டைகள் ஒரே கோடாகச் சேர்ந்தனவே தவிர, அந்தக் கோடே 2 மில்லி சாய்ந்த கோடு. அந்த வீட்டில் இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது.

குறை இரட்டிப்பாகிக் கண்ணில் பட்டதே, அது நம் ஆசாரிமார்கள் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்துவைத்திருக்கும் விஷயம். புது மூலைமட்டம் வாங்கினால் அவர்கள் என்ன செய்வார்கள்? நேரான பலகையின் ஓரத்தில் வைத்து ஒரு கோடு போடுவார்கள். மட்டத்தைத் திருப்பிப் போட்டு அதே இடத்தில் இன்னொரு கோடு போடுவார்கள். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் மட்டம் சரி. விரிந்தால், விரிந்ததில் பாதி மட்டத்தின் குறை. ஒரு மூலைமட்டம் சரியா என்று பார்க்க இன்னொரு மூலைமட்டம் வேண்டாம், அதையே திருப்பிப் போட்டால் போதும். ராவுட்டருக்கும் இதுவே சோதனை. 1200-க்கு 600 பலகை இரண்டை அதே நிலையில் வெட்டுங்கள். ஒன்றை மேல்கீழாகப் புரட்டி மற்றதன்மேல் வைத்து, நீள ஓரத்தோடு நீள ஓரத்தையும் ஒரு மூலையோடு மூலையையும் சேருங்கள். குட்டை ஓரங்கள் மறுகோடியிலும் ஒன்றாக நிற்கின்றனவா என்று விரலால் தடவிப் பாருங்கள். படி தட்டினால் அதில் பாதிதான் 600 மில்லிக்கு உங்கள் மெஷினின் கோணல். இதற்குக் காசு செலவில்லை.

மரவேலையில் நமக்கு நூல் கணக்கு. அங்குலத்துக்கு 8 நூல், ஒரு நூல் 3.175 மில்லி. 'அரை நூல்தானே' என்று விட்டுப் பழகியிருக்கிறோம். கையால் இழைத்த காலத்தில் அது சரிதான், ஏனென்றால் ஆசாரி ஒரு சட்டத்தை அறுத்து, பக்கத்துச் சட்டத்தில் வைத்துப் பார்த்து, இழைத்து, மறுபடி வைத்துப் பார்ப்பார். அவர் கை அளவைத் துண்டுக்குத் துண்டு சரிசெய்துகொண்டே போகும். ராவுட்டர் அப்படி இல்லை. பம்மலில் 40 பலகை வெட்டுகிறோம், அவை மேடவாக்கத்தில் ஒரு அடுக்குமாடியில் ஏழாவது மாடியில் சேருகின்றன. வெட்டியவர் பொருத்துமிடத்தில் இல்லை, பொருத்துகிறவர் வெட்டுமிடத்தில் இல்லை. இழைத்துச் சேர்க்க அங்கே யாருக்கும் நேரமும் இல்லை. அதனால் துண்டுக்குத் துண்டு பார்த்த அக்கறை முழுவதையும் இப்போது மெஷின்மேல் ஒரே தடவையாகக் காட்டவேண்டியிருக்கிறது.

கேன்ட்ரி ஏன் கோணுகிறது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் நான் பார்த்த மெஷின்களில் பாதிக்குமேல் குறை இங்கேதான். நம்மிடம் இருக்கும் 4-க்கு 8 அடி மெஷின்களில் கேன்ட்ரியின் இரண்டு காலுக்கும் இரண்டு மோட்டார், இரண்டு பினியன், இரண்டு ரேக். இரண்டு மோட்டாரும் ஒரே கட்டளைக்குச் சுற்றுகின்றன. ஆனால் விலை குறைந்த மெஷின்களில் ஹோம் சென்சார் ஒரு பக்கம் மட்டும்தான். மறுபக்கம் எங்கே நிற்கிறது என்று கன்ட்ரோலருக்குத் தெரியாது. பிட் மரத்தில் மாட்டி ஒரு பக்க மோட்டார் ஒரு கணம் திணறினால் போதும், அந்தக் கால் பின்தங்கிவிடும், அதன்பிறகு பின்தங்கியபடியே ஓடும். கரன்ட் இல்லாத நேரத்தில் கேன்ட்ரியை ஒரு பக்கமாகப் பிடித்துத் தள்ளினாலும் இதேதான். தம்பிகளே, தள்ளவேண்டியிருந்தால் இரண்டு பேர் இரண்டு பக்கமும் நின்று தள்ளுங்கள்.

இன்னொன்றும் உண்டு. கேன்ட்ரி போல்ட் போட்டு இறுக்கிய இரும்பு, அதற்கென்று இயல்பான ஒரு நிலை இருக்கும். அந்த இயல்பே கோணலாக இருந்தால், மோட்டாரின் பலத்தால் நேராக்கி வைத்திருப்பது கரன்ட் இருக்கும்வரைக்கும்தான். கரன்ட் போனதும் ஸ்பிரிங் போலத் திரும்பிவிடும். காலையில் சரியாக இருந்த மெஷின் மதியம் கரன்ட் போய் வந்தபிறகு கெட்டுவிட்டது என்று நீங்கள் சொல்வது இதுதான். ஆகவே முதலில் மெயினை அணைத்து, ஒரு பக்கப் பினியனை ரேக்கிலிருந்து விடுவித்துவிடுங்கள். கேன்ட்ரி தானாக எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள். அந்த நிலையிலேயே கோணல் என்றால், குறுக்குச் சட்டம் காலோடு சேரும் போல்ட்களைத் தளர்த்தி அங்கே திருத்தவேண்டும். இயல்பு நேராகி, பினியன் பிடித்த இடம்தான் தப்பு என்றால் வேலை சுலபம். எந்தக் கால் முந்தியது என்று மூலைவிட்டமே சொல்லிவிடும். நீளமான மூலைவிட்டம் மெஷினின் தூரக்கோடியில் எந்த மூலையில் முடிகிறதோ, அந்தப் பக்கத்துக் கால் முந்தி நிற்கிறது. இரண்டு சென்சார் உள்ள மெஷினில் அந்தப் பக்கத்துச் சென்சாரை நகர்த்தினால் போதும். ஒற்றைச் சென்சார் மெஷினில் இரண்டு பக்கமும் கெட்டியான ஸ்டாப்பர் வைத்து, அவை இரண்டிலும் கேன்ட்ரியைச் சேர்த்துவைத்து, அதன்பிறகு கரன்ட் போடும் வழக்கத்தைக் கொண்டுவாருங்கள். இரண்டாவது சென்சார் போட இடம்தரும் கன்ட்ரோலராக இருந்தால் அந்தச் செலவைத் தள்ளிப்போடாதீர்கள்.

இதற்கெல்லாம் முன்னால் தரை. நம் பக்கத்துப் பட்டறைகள் வீட்டின் கீழ்த்தளத்திலும் தகரக் கொட்டகையிலும் இருக்கின்றன. பல இடம் மேடுதட்டிய மண், மேலே மெல்லிய கான்கிரீட். அனகாபுத்தூரில் ஆற்றோரம் இருப்பவர்களுக்கு 2015 டிசம்பர் வெள்ளத்தை நான் சொல்லவேண்டியதில்லை. மெஷினின் ஃபிரேம் கனமான இரும்புதான், ஆனாலும் ஒரு கால் குட்டையான கட்டிலைப்போல அது முறுக்கிக்கொள்ளும். ஃபிரேம் முறுக்கினால் ரெயில் முறுக்கும், ரெயில் முறுக்கினால் கேன்ட்ரி முன்னால் ஒரு சாய்வும் பின்னால் ஒரு சாய்வுமாகப் போகும், ஸ்பிண்டில் அதோடு சேர்ந்து தலையாட்டும். இதைக் கவனிக்காமல் ஸ்பிண்டிலுக்கு ஷிம் வைத்து அரைநாள் வீணாக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். வைத்த ஷிம் பெட்டின் ஒரு கோடிக்குச் சரி, மறுகோடிக்குத் தப்பு.

முறுக்கைப் பார்க்க இரண்டு டங்கூஸ் நரம்பு போதும். இரண்டு ரெயிலின் இரண்டு கோடியிலும், ஆக நான்கு மூலையிலும், ஒரே உயரத்தில் நான்கு கட்டை வையுங்கள். மூலைக்கு மூலை இரண்டு நரம்பையும் ஒரே இறுக்கத்தில் கட்டுங்கள். நடுவில் இரண்டும் தொட்டும் தொடாமலும் இருக்கவேண்டும். பிறகு கீழே போன நரம்பை மேலாக மாற்றிக் கட்டி மறுபடி பாருங்கள், ஏனென்றால் ஒன்று மற்றதை அழுத்திக்கொண்டிருந்தால் கண்ணுக்குத் தெரியாது, மாற்றினால் இடைவெளியாகக் காட்டிக்கொடுக்கும். நடுவில் 1 மில்லி இடைவெளி என்றால் ஏதோ ஒரு மூலை 2 மில்லி ஏறியோ இறங்கியோ இருக்கிறது. கால் போல்ட்டைத் திருகி அதைக் கொண்டுவந்தபிறகு, மெஷின் லெவலை வைத்து மிச்சத்தைப் பார்க்கலாம். மீட்டருக்கு 0.02 மில்லி காட்டும் மெஷின் லெவலைச் சொல்கிறேன். கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம் சுவருக்கு நல்லது, இந்த வேலைக்குக் காணாது. எல்லாக் காலுக்கும் அடியில் ஒரு காகிதத் துண்டைச் செருகி இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வரும் கால் சுமையே தாங்கவில்லை.

ரெயில்கள் இணையாக இருக்கின்றனவா என்பதைக் கையே சொல்லும். பினியன்களை விடுவித்துவிட்டு இரண்டு பேராகக் கேன்ட்ரியை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை தள்ளிப் பாருங்கள். ஓரிடத்தில் இறுகி ஓரிடத்தில் லேசாகப் போனால் ரெயில்கள் நெருங்கி விலகுகின்றன. அங்கே டயல் கேஜ் வைத்துப் பார்த்துத் திருத்துங்கள்.

ஸ்பிண்டில் நிமிர்ந்து நிற்கிறதா என்பதற்கு வருகிறேன். பலகையை 25 மில்லி பிட்டால் சீவும்போது வரிவரியாகத் தெரிகிறதே, பாலிஷ் அடித்ததும் வெளிச்சத்தில் இன்னும் பளிச்சென்று தெரிகிறதே, அது பிட் மழுங்கியதால் வருவது அல்ல. ஸ்பிண்டில் சாய்ந்திருக்கிறது. மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, காலெட்டில் ஒரு கம்பியை மாட்டி, அதன் முனையில் டயல் கேஜைக் கட்டுங்கள். நடுவிலிருந்து 100 மில்லி தள்ளி டயல் இருந்தால், கையால் சுற்றும்போது 200 மில்லி வட்டம் கிடைக்கும். கீழே எம்டிஎஃப் வேண்டாம், அதன் மேற்பரப்பு பஞ்சுபோல இருக்கும். 10, 12 மில்லி தடிமனுள்ள கண்ணாடி ஒன்று வையுங்கள், இந்த வேலைக்கு அதன் மட்டம் தாராளம். டயல் இடத்துக்கும் வலத்துக்கும் 0.20 மில்லி வித்தியாசம் காட்டினால், 25 மில்லி பிட்டின் தடத்தில் 0.025 மில்லி படி விழும். அளந்து சொன்னால் ஒன்றுமில்லாததுபோல இருக்கிறது, ஆனால் விரலும் கண்ணும் இதை விடாது. இட வல சாய்வை ஸ்பிண்டில் தாங்கும் தகட்டின் போல்ட்டைத் தளர்த்தித் திருப்பிச் சரிசெய்யலாம். முன் பின் சாய்வுக்கு ஷிம்தான். 200 மில்லிக்கு 0.20 சாய்வு, மேல் கீழ் போல்ட்டுக்கு நடுவே 150 மில்லி தூரம் என்றால், 0.15 மில்லி ஷிம் வேண்டும். ஃபீலர் கேஜின் பழைய இலைகளை வெட்டி வைத்துக்கொண்டால் இதற்கு உதவும். காகிதத்தை மடித்து வைக்காதீர்கள், இறுக்க இறுக்க அது நசுங்கிக்கொண்டே போகும்.

நீள அளவைத்தான் எல்லோரும் முதலில் தொடுகிறார்கள். அதைக் கடைசிக்குத் தள்ளவேண்டும் என்பது என் கட்சி. 1000 மில்லி போ என்றால் 998.6 போகிறது, உடனே கன்ட்ரோலரில் எண்ணை மாற்றுகிறோம். 1000-ஐ 998.6-ஆல் வகுத்து ஸ்டெப்பைப் பெருக்குவது சரியான கணக்குதான். ஆனால் எதைக்கொண்டு 998.6 என்று அளந்தோம்? நம் கையில் இருக்கும் டேப்பைப் பாருங்கள், மஞ்சள் நாக்கில் ஒரு வட்டத்துக்குள்ளோ முட்டைக்குள்ளோ ரோமன் எழுத்தில் இரண்டு என்று போட்டிருக்கும். இரண்டாம் வகுப்பு டேப் என்று அர்த்தம். அந்த வகுப்பில் 3 மீட்டர் வரைக்கும் 0.9 மில்லி தப்பு இருக்கலாம் என்று தரவிதியே அனுமதிக்கிறது. முதல் வகுப்பு டேப்புக்கு அது 0.4 மில்லி. இரண்டு மூலைவிட்டத்தை ஒரே டேப்பால் அளந்து ஒப்பிடும்போது டேப்பின் தப்பு இரண்டு பக்கமும் ஒன்றாக விழுந்து கழிந்துவிடும், அதனால்தான் மூலைவிட்டச் சோதனையை அந்த அளவு நம்புகிறேன். நீள அளவில் டேப்பின் தப்பு அப்படியே மெஷினுக்குள் ஏறிவிடும். முதல் வகுப்பு டேப் ஒன்று வாங்கி, அதைப் பட்டறையின் டேப் என்று பெயர் எழுதி வையுங்கள். ஆசாரி பொருத்துமிடத்துக்குக் கொண்டுபோகும் டேப்பையும் அதோடு வைத்துப் பாருங்கள். நுனிக் கொக்கியிலிருந்து அளக்காமல் 100-லிருந்து அளங்கள். ஒரு துண்டை வெட்டி அதன் அகலத்தை அளந்தால் பிட்டின் தடிமனும் அதில் கலந்துவிடும். இரண்டு பள்ளம் வெட்டி, இரண்டின் இடது ஓரத்துக்கும் நடுவே உள்ள தூரத்தை அளங்கள், பிட்டின் தடிமன் தானாக நீங்கிவிடும்.

அளவு என்றதும் எனக்குப் பரங்கிமலை நினைவுக்கு வராமல் போகாது. நம் மாடியில் ஏறினால் கண்ணுக்குத் தெரிகிற மலை. 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் அங்கேதான் இந்தியாவின் பெரிய நில அளவையைத் தொடங்கினார். மலையடியிலிருந்து பெரும்பாக்கம் குன்றுவரை ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு அடிக்கோடு. 100 அடி எஃகுச் சங்கிலியை வைத்து அளந்தார்கள், 57 நாள் ஆயிற்று. நம் நாட்டின் நவீன வரைபடங்கள் அந்தக் கோட்டிலிருந்து எழத்தொடங்கின. சங்கிலியை அவர் தரையில் போட்டு இழுக்கவில்லை. மரத்தொட்டிகளைத் தாங்கிகளின்மேல் மட்டமாக வைத்து, அதற்குள் சங்கிலியைக் கிடத்தி, பக்கத்தில் வெப்பமானி வைத்து, ஒவ்வொரு தடவையும் சூட்டைக் குறித்துக்கொண்டு கணக்கில் திருத்தினார். காரணம், 100 அடி எஃகு 10 டிகிரி சூடானால் மூன்றரை மில்லிக்குமேல் நீளும். ஏழரை மைலில் அது ஒன்றரை மீட்டரை நெருங்கும்.

அதே சித்திரை வெயில்தான் நம் தகரக் கூரைமேலும் அடிக்கிறது. 2400 மில்லி எஃகு ரேக் 10 டிகிரி சூடானால் 0.29 மில்லி நீளும். காலை எட்டு மணிக்கு அளந்து எண்ணை மாற்றிவிட்டு, மதியம் மூன்று மணிக்கு மறுபடி அளந்து, அளவு மாறிவிட்டது என்று மறுபடி எண்ணை மாற்றுவது வீண் வேலை. அதிகம் வெட்டும் நேரத்தில், மெஷினை இருபது நிமிடம் சும்மா ஓடவிட்டு, அப்போது அளங்கள், எண்ணை ஒரே தடவை மாற்றுங்கள். கன்ட்ரோலர் திரை 0.001 மில்லிவரை காட்டுவதால் மெஷின் அந்த அளவு துல்லியம் என்று யாரும் நினைக்கவேண்டாம். மோட்டாருக்கு எத்தனை படி சுற்றக் கட்டளை போனது என்பதைத்தான் திரை சொல்கிறது. பிட் எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

நம் வேலைக்கு எவ்வளவு வேண்டும் என்றால், என் அனுபவத்தில் 1200-க்கு 2400 செவ்வகத்தின் மூலைவிட்ட வித்தியாசம் 0.3 மில்லிக்குள், ஸ்பிண்டில் சாய்வு 200 மில்லி வட்டத்தில் 0.05-க்குள் வந்துவிட்டால் கதவுக்கும் கிச்சனுக்கும் போதும். அதற்குக் கீழே துரத்தவேண்டாம், மரமே ஒரு மழைக்காலத்தில் அதைவிட அதிகமாக அசையும்.

இவ்வளவும் முடிந்தபிறகுதான் பெட்டைச் சீவவேண்டும். கோணல் எதையும் திருத்தாமல் முதலில் பெட்டைச் சீவினால், மெஷினின் வளைவு எல்லாம் அப்படியே பெட்டில் பதிந்துவிடும். ஆழம் சரியாக வருவதால் குறை தீர்ந்ததுபோலத் தெரியும், மூலை கோணல் அப்படியே இருக்கும். சரியாகச் சீவிய பெட் பெயர்ப்பலகை செய்பவர்களுக்கு உயிர். 90 டிகிரி வி-பிட்டில் பலகை அரை மில்லி தூக்கிக்கொண்டிருந்தால் எழுத்தின் கோடு 1 மில்லி தடிக்கும். பலகையின் இடக்கோடியில் 'அ' மெலிந்தும் வலக்கோடியில் 'ம்' பருத்தும் இருந்தால், காரணம் ஃபான்ட் இல்லை. எம்டிஎஃப் ஈரத்தைக் குடித்து ஊதும், அதனால் ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் ஒரு தடவை மெல்லச் சீவிவிடுங்கள். காலெட்டுக்குள் மரத்தூள் அடைந்திருந்தால் பிட் ஆடும், பிட் மாற்றும் ஒவ்வொரு தடவையும் துடையுங்கள், தேய்ந்த காலெட்டைத் தூக்கிப்போடுங்கள். வட்டம் வெட்டும்போது நான்கு இடத்தில் சின்னப் படி தட்டினால் பினியன் ரேக்கில் தளர்ந்திருக்கிறது, ஸ்பிரிங்கை இறுக்குங்கள்.

முதலாளிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 1927-ல் ஜெர்மனியில் கியார்க் ஷ்லெசிங்கர் என்ற பேராசிரியர் மெஷின்களைச் சோதிக்கும் முறையைப் புத்தகமாகப் போட்டார். லேத், மில்லிங் மெஷின் விற்பவர் எந்தெந்த இடத்தில் டயல் வைத்துக் காட்டவேண்டும், எவ்வளவு தப்புவரை ஏற்கலாம் என்று அட்டவணையாக எழுதிவைத்தார். நான் தொழில் கற்ற டூல் ரூமில் ஒவ்வொரு மெஷினோடும் அப்படி ஒரு டெஸ்ட் சார்ட் கோப்பில் இருந்தது. இந்த வட்டாரத்தில் நான் தொட்ட ராவுட்டர்களில் ஒன்றோடுகூட அது வரவில்லை. வந்து இறக்கினார்கள், ஒரு பூ வெட்டிக் காட்டினார்கள், மிச்சப் பணத்தை வாங்கிக்கொண்டு போனார்கள். பூ வெட்டினால் கோணல் தெரியாது, பூவுக்கு மூலை கிடையாது. பல லட்சம் கொடுத்து வாங்குகிறீர்கள். கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் மூலைவிட்ட அளவையும், ஸ்பிண்டில் சாய்வையும், ஃபிரேம் மட்டத்தையும் உங்கள் கண் முன்னால் அளந்து, காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். நாம் எல்லோரும் சேர்ந்து கேட்டால் கொடுப்பார்கள். ஒருவர் மட்டும் கேட்டால், அடுத்த தெருவில் கேட்காமல் வாங்குபவரிடம் போய்விடுவார்கள்.

ஆபரேட்டரைத் திட்டுவதையும் விடவேண்டும். அவன் நம்மூர் ஐடிஐ படித்த பையனாக இருக்கலாம், ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்தவனாக இருக்கலாம். கோணல் மெஷினைக் கொடுத்துவிட்டு நேர் வேலை கேட்டால் அவனால் ஃபைலைத்தான் திருத்தமுடியும். அப்படித் திருத்திய ஃபைல்கள் கம்ப்யூட்டரில் சேர்ந்துகொண்டே போகின்றன. எதில் எவ்வளவு தள்ளிவைத்தான் என்று அவனுக்கே ஒரு மாதம் கழித்து நினைவிருக்காது. அவன் வேலையை விட்டுப் போனால் அந்தக் கணக்கும் அவனோடு போய்விடும். அதற்குப் பதிலாக மெஷின் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கட்டித் தொங்கவிடுங்கள். மாதத்துக்கு ஒரு தடவை மூலைவிட்டம், ஸ்பிண்டில், மட்டம், அன்றைய தேதி, நேரம். அவன் கையாலேயே எழுதட்டும். எப்போது கெட்டது என்று தெரிந்தால் ஏன் கெட்டது என்று கண்டுபிடிப்பது பாதி வேலை.

டயல் கேஜும் மெஷின் லெவலும் ஆளுக்கொன்று வாங்கவேண்டிய அவசியமில்லை. பத்துப் பட்டறை சேர்ந்து ஒரு செட் வாங்கினால் போதும், மாதத்தில் ஆளுக்கு ஒரு நாள் கிடைத்தாலே வேலை முடியும். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய டயல் கேஜ் கிடைக்கும். முள் தட்டாமல் போய் அதே இடத்துக்குத் திரும்பி வருகிறதா என்று பத்துத் தடவை அழுத்திப் பார்த்து வாங்குங்கள். மெஷின் லெவலை மட்டும் அங்கே வாங்காதீர்கள், புதிதாக வாங்குங்கள். வாங்கியதும் அதையும் இடவலமாகத் திருப்பி வைத்துப் பாருங்கள். குமிழ் அதே பக்கம் அதே அளவு நின்றால்தான் லெவல் சரி.

ஆயுத பூஜை வருகிறது. மெஷினைத் துடைத்து, சந்தனம் வைத்து, மாலை போடுவோம். இந்த வருடம் துடைக்கும் நாளில், பொட்டு வைக்கும் முன்பு, மூலைவிட்டத்தை அளந்துவிடுங்கள். பெட்டில் நான்கு ஓட்டை, ஒரு டேப், கால் மணி நேரம். வித்தியாசம் 1 மில்லிக்கு மேல் வந்தால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். லெவலும் டயலும் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறேன். கூலி வேண்டாம். மெஷின் ஓட்டும் பையன் மட்டும் கூட இருக்கவேண்டும், ஏனென்றால் அடுத்த மாதம் அவன்தான் அளக்கவேண்டும்.

அன்புடன்,
பம்மலிலிருந்து ஒரு ஃபிட்டர்